பழைய டிராக்டர் வாங்குகிறேன்: 5 ஆண்டு கழித்து விற்றாலும் விலை குறையாதது எது?

மன்னார்குடி நெல்வயல்

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்களுக்கு 5 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. மைத்துனருடைய 3 ஏக்கரையும் சேர்த்து நானே சாகுபடி பார்க்கிறேன். இத்தனை ஆண்டுகளாக வாடகை டிராக்டரை நம்பித்தான் உழவு நடந்தது. ஆனால், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் சேடை ஓட்ட (தண்ணீர் விட்டு வயலைச் சேறாக்கி உழ) வேண்டியிருப்பதால், நம்முடைய முறை வருவதற்குள் நாற்று முற்றிவிடுகிறது. சென்ற சம்பாவில் நாற்றின் வயது 40 நாளைத் தாண்டிய பிறகுதான் எனக்கு வண்டி கிடைத்தது. தூர் கட்டுவது குறைந்தது; மகசூலும் அதற்கேற்பக் குறைந்தது. ஆகையால் சொந்தமாக ஒரு பழைய டிராக்டர் வாங்குவது என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம்.

கையில் இருப்பது ₹4,00,000. கலப்பையும், சேற்றில் ஓட்டுவதற்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீலும் இதற்குள் அடங்க வேண்டும். மகனின் படிப்பு முடிய 5 ஆண்டு ஆகும். அதன்பின் இந்த வண்டியை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாம் என்பது எண்ணம். எனவே வண்டி நன்றாக ஓடவும் வேண்டும், விற்கும்போது போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரவும் வேண்டும். 35 முதல் 45 குதிரைத்திறன் வரை போதும் என்று நினைக்கிறேன். எந்த நிறுவனம், எந்த மாடல், எத்தனை ஆண்டு பழையது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

விழுப்புரம் கரும்பு

வணக்கம் ஐயா. எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்கு யாரும் அதிகம் யோசிக்க மாட்டார்கள். மெஸ்ஸி 1035, மெஸ்ஸி 241, மகிந்திரா 475, மகிந்திரா 575 ஆகிய நான்கில் ஒன்று வீட்டு வாசலில் நின்றால், விற்கிறேன் என்று டீக்கடையில் சொன்ன அந்த வாரமே ஆள் வந்துவிடும். 1035 என்பது 36 குதிரைத்திறன், 241 என்பது 42. மகிந்திரா 475-ம் 42 குதிரைத்திறன்தான். 575 மட்டும் 45. உங்கள் தேவைக்குள் நான்குமே அடங்கும்.

என் சொந்தக் கணக்கைச் சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டு மெஸ்ஸி 1035 ஒன்றை 2016-ல் ₹2,60,000 கொடுத்து வாங்கினேன். 6 ஆண்டுகள் உழவுக்கும், ஆலைக்குக் கரும்பு ஏற்றுவதற்கும் ஓட்டினேன். 2022-ல் அதை ₹2,35,000-க்கு விற்றேன். இடையில் கிளட்ச் பிளேட், ஒரு ஜோடி பின் டயர், பேட்டரி ஆகியவை மாற்றியது தனிச்செலவு. ஆனாலும் வண்டியின் விலையில் நான் இழந்தது ₹25,000 மட்டுமே. இதே காலத்தில் புதிய வண்டி வாங்கிய என் சித்தப்பா, வாங்கிய மூன்றாம் ஆண்டிலேயே விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தார். முதல் 5 ஆண்டுகளின் தேய்மானத்தை வேறொருவர் தாங்கிய பிறகு வாங்குவதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

ஒரத்தநாடு பட்டறை

நான் 28 ஆண்டுகளாக டிராக்டர் பட்டறை நடத்துகிறேன். விழுப்புரம் நண்பர் சொன்னது அவருடைய ஊருக்குச் சரி. ஆனால் பெயரை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டு கிளம்பினால் தவறு நேரும் என்பதால், அந்தப் பெயர்கள் ஏன் விலை போகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மெஸ்ஸியைத் தயாரிக்கும் டாஃபே 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் பல மாடல்களில் இருப்பது, அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்சன் நிறுவனத்தின் இஞ்சின். சிம்சன் இஞ்சின் ஜெனரேட்டரிலும் வேறு பல இயந்திரங்களிலும் ஓடுவதால், அதன் பிஸ்டன், லைனர், வால்வு, நோசில் ஆகியவை சிறிய ஊர்க் கடையிலும் கிடைக்கும். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆளும் எல்லா ஊரிலும் இருப்பார். மகிந்திரா 1963 முதல் டிராக்டர் தயாரிக்கிறது. அதற்கும் இதே நிலைதான். அடுத்து வாங்கப்போகிறவர் உண்மையில் விலை கொடுப்பது இந்த வசதிக்குத்தான். நடவு நேரத்தில் வண்டி நின்றால் அன்று மாலைக்குள் அது மறுபடி ஓடுமா என்பதே அவருடைய கேள்வி.

எதிர்ப்பக்கத்து உதாரணமாக எச்.எம்.டி.யைச் சொல்லலாம். ஜெட்டார் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1971-ல் பிஞ்சூரில் தயாரிக்கத் தொடங்கிய அந்த டிராக்டரின் இழுவையையும் உறுதியையும் பற்றி இன்றும் பெரியவர்கள் பெருமையாகப் பேசுவார்கள். நானும் அதை மனமார ஒப்புக்கொள்வேன். ஆனால் 2016-ல் அந்தப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இனி உதிரிப்பாகம் எத்தனை நாளைக்குக் கிடைக்கும் என்ற அச்சம் வாங்குபவர் மனத்தில் இருந்துகொண்டே இருப்பதால் விலை இறங்குகிறது.

ஆகவே நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். மன்னார்குடியிலிருந்து 25 கிலோமீட்டர் சுற்றளவில் எந்த வண்டிகள் அதிகம் ஓடுகின்றன, எந்த உதிரிப்பாகக் கடையில் எந்த வண்டியின் கிளட்ச் பிளேட் அலமாரியிலேயே இருக்கிறது, எந்த வண்டியைத் திறக்க உள்ளூர் மெக்கானிக் தயங்குகிறார் என்று ஒரு நாள் சுற்றிக் கேளுங்கள். உங்கள் வண்டியை 5 ஆண்டு கழித்து வாங்கப்போகிறவர் சென்னையிலோ கோவையிலோ இல்லை. அந்த 25 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார். உங்கள் வட்டாரத்தில் சுவராஜ் 735 அதிகமாக ஓடுகிறது என்றால், அங்கே அதற்குத்தான் விலை.

மன்னார்குடி நெல்வயல்

மிக்க நன்றி ஐயா. இன்று இரண்டு உதிரிப்பாகக் கடைகளிலும் ஒரு பட்டறையிலும் கேட்டேன். மெஸ்ஸி, மகிந்திரா, அடுத்தபடியாகச் சுவராஜ் என்று சொன்னார்கள். கடந்த ஆண்டு இரு நிறுவனங்களுக்கிடையே வழக்கு நடந்ததால் மெஸ்ஸி என்ற பெயரே இந்தியாவில் இல்லாமல் போகலாம் என்று ஒரு தரகர் சொல்லி, வேறொரு வண்டியை எடுக்கச் சொன்னார். அது உண்மையா?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நான் பார்த்த ஒரு 2015 மாடலில் இஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரில் 2,900 மணி என்று இருந்தது. மற்றொரு 2017 மாடலில் மீட்டரே ஓடவில்லை. எதை நம்புவது?

ஒரத்தநாடு பட்டறை

டாஃபேவுக்கும் அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்துக்கும் இருந்த தகராறு 2025-ல் சமரசமாக முடிந்துவிட்டது. இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளில் மெஸ்ஸி பெர்குசன் பெயர் டாஃபேவுக்கே உரியது என்பது அதில் முடிவானது. அந்தப் பயம் வேண்டாம்.

மீட்டரை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். பழைய வண்டிகளில் அது இஞ்சினின் சுழற்சியோடு இணைந்த கருவி. குறிப்பிட்ட வேகத்தில் இஞ்சின் சுழலும்போதுதான் ஒரு மணி நேரத்தை ஒரு மணியாகக் கணக்கிடும். மெதுவாக ஓடினால் குறைத்துக் காட்டும். கேபிள் அறுந்து ஓராண்டு கிடந்திருக்கும், மீட்டரையே மாற்றியிருப்பார்கள். ஆனால் இரும்பின் தேய்மானத்தை மாற்றுவது அவ்வளவு எளிதன்று.

பின்னால் சென்று, மாட்டும் கருவிகளை இஞ்சின் சக்தியால் சுழற்றும் பி.டி.ஓ. தண்டைப் பாருங்கள். அதில் உள்ள 6 பல்வரிசைகளும் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் வண்டி வாடகைக்கு ரோட்டவேட்டர் என்ற சுழல்கலப்பையை ஓட்டியே காலம் கழித்தது என்று பொருள். டிரெய்லர் மாட்டும் இழுவைப் பட்டையின் ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நீண்டிருந்தால், அது பாரம் இழுத்த வண்டி. அதன் பிரேக்கையும், பின் அச்சைச் சுழற்றும் பல்சக்கரங்களான கிரவுன் பினியனையும் சந்தேகத்தோடு பாருங்கள். கலப்பை மாட்டும் கீழ்க்கைகளின் முனையில் உள்ள உருண்டை, கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங் வளையத்தின் மெருகு, இருக்கைக்குக் கீழே மிதிக்கும் தகடு ஆகியவற்றையும் பாருங்கள். மீட்டர் 2,900 என்று சொல்லும்போது பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால், பெடல் சொல்வதை நம்புங்கள்.

உங்கள் பகுதிக்கு மிக முக்கியமானது சேற்றின் கணக்கு. டெல்டாவில் ஓடிய வண்டியும் புதுக்கோட்டைப் புழுதியில் ஓடிய வண்டியும் ஒரே வயதானாலும் ஒன்றல்ல. சேடையில் வண்டி அச்சு வரை மூழ்கி ஓடும்போது, முன்சக்கரத்து ஹப் பேரிங்கிலும் பின் அச்சின் சீல் வழியாக உள்ளேயும் சேற்றுத் தண்ணீர் இறங்கும். முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், முன்சக்கரம் திரும்ப உதவும் கிங் பின்னும் பேரிங்கும் போயிருக்கின்றன. பின்சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய் வழிந்த தடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கியர் பெட்டியின் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பல மாடல்களில் கியர் பெட்டிக்கும், கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிஃப்டுக்கும் ஒரே ஆயில்தான் என்பதால், அந்தத் தண்ணீர் லிஃப்ட் பம்பையும் கெடுத்திருக்கும். ஆயிலை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். ஆயில் மாறும்; துருப்பிடித்த பேரிங் மாறாது.

லிஃப்டைச் சோதிக்க, கலப்பையை முழு உயரத்துக்குத் தூக்கிவிட்டு இஞ்சினை நிறுத்திவிடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். கலப்பை அதே உயரத்தில் நின்றால் நல்லது; தரையைத் தொட்டுவிட்டால் செலவு காத்திருக்கிறது.

அறந்தாங்கி மானாவாரி

நான் பெண் விவசாயி. என் கணவர் வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் எல்லா முடிவையும் நானே எடுக்க வேண்டியிருந்தது. நான் செய்த தவறை வேறு யாரும் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

2019-ல் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் டிராக்டர் வாங்கினேன். இஞ்சின் முழுவதும் புதிதாக வேலை செய்தது, லைனர் பிஸ்டன் மாற்றியது, 5 ஆண்டுக்குத் தொட வேண்டாம் என்றார். வண்டி முழுவதும் புது வண்ணம் அடித்துக் கண்ணைப் பறிக்கும்படி இருந்தது. டயர்களும் கறுப்பாகப் பளபளத்தன. சந்தையில் அதே வயதுள்ள வண்டிக்கு இருந்த விலையைவிட ₹60,000 கூடுதலாகக் கொடுத்தேன். இரண்டாம் போகத்திலேயே இஞ்சின் ஆயிலைக் குடிக்கத் தொடங்கியது, நீலப்புகை வந்தது. திறந்து பார்த்தபோது ரிங் மட்டும் மாற்றியிருந்தார்கள். டயரின் பக்கவாட்டில் இருந்த 4 இலக்க எண்ணை ஒரு தம்பி படித்துக் காட்டினார். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. அதில் இருந்தது 1811. அதாவது 2011-ன் 18-ஆம் வாரத்தில் செய்த டயர். 8 ஆண்டு பழைய டயருக்குக் கறுப்பு மெருகு பூசியிருந்தார்கள்.

அதை 2023-ல் விற்க முயன்றபோது எனக்கு இன்னொன்று புரிந்தது. வந்தவர்கள் அனைவரும் முதலில் கேட்ட கேள்வி, "ஏன் வண்ணம் அடித்தீர்கள்?" என்பதுதான். வெயிலில் மங்கிப்போன நிறுவனத்து வண்ணமும் பழைய ஸ்டிக்கரும் உள்ள வண்டிக்கு எங்கள் சந்தையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வண்ணம் அடித்த வண்டியில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள், அந்த எண்ணம் தவறும் அன்று. கேட்ட விலையில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்தே கொடுக்க நேர்ந்தது.

விழுப்புரம் கரும்பு

சகோதரி சொன்னதில் எனக்கு ஒரு சிறிய மாற்றுக் கருத்து உண்டு. இஞ்சின் வேலை செய்த வண்டி எல்லாமே மோசம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. எந்தப் பட்டறையில் செய்தது, எந்த நிறுவனத்தின் பிஸ்டன், கிராங்க் அரைத்தார்களா, ரசீது எங்கே என்று கேட்டு, அந்தப் பட்டறைக்கே போய் விசாரித்து உண்மை என்று தெரிந்தால், அப்படிப்பட்ட வண்டி வேலை செய்யாத வண்டியைவிட மேலானது. உள்ளூர் விவசாயி தன் பயன்பாட்டுக்காகச் செய்த இஞ்சின் வேலையும், விற்பதற்காக வியாபாரி செய்யும் இஞ்சின் வேலையும் வேறு வேறு.

ஒரத்தநாடு பட்டறை

ஒப்புக்கொள்கிறேன். விற்பதற்காகச் செய்த வேலையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டியைப் பார்க்கப் போகும்போது, காலையில் முதல் தடவையாக அதை நீங்கள்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். சூடான இஞ்சினின் குறையைக் கண்டுபிடிப்பது எனக்கே கடினம்.

குளிர்ந்த இஞ்சின் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் புகை வருவது இயல்பு. 5 நிமிடத்துக்குப் பிறகும் வெள்ளைப் புகையோ நீலப் புகையோ நின்றபாடில்லை என்றால் அது வேறு. ரேடியேட்டர் மூடியை குளிர்ந்திருக்கும்போதே கழற்றிவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள்; தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கலாம். அடுத்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் வழியாகப் புகை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்று பாருங்கள். சிறிய ஆவி வருவதைப் பொருட்படுத்த வேண்டாம். ரயில் இஞ்சின்போல் விட்டுவிட்டுத் தள்ளினால், எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள். அந்த இஞ்சினுக்கு வேலை நெருங்கிவிட்டது.

அதன்பின் வயலில் இறக்கி 20 நிமிடம் கலப்பையோடு உழவேண்டும். சாலையில் ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. பாரத்தில் கியர் தானாக வெளியே குதிக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, இடது பிரேக்கும் வலது பிரேக்கும் தனித்தனியாகப் பிடிக்கின்றனவா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். உழ விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

வங்கிக்கடன் ஓய்வாளர்

நான் வேளாண் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இஞ்சினைப் பற்றி இங்கே நல்ல விளக்கங்கள் வந்துவிட்டன. நான் பார்த்தவரை, மறுவிற்பனையில் விவசாயிகள் அதிகமாகப் பணத்தை இழப்பது பேப்பரில்தான். ஆகையால் அதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் இருக்கும் இஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். சேறும் வண்ணமும் மூடியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். இஞ்சின் மாற்றிய வண்டியில் எண் ஒத்துவரவில்லை என்றால், இன்று உங்களுக்கு அது சிறிய விஷயமாகத் தோன்றும். நாளை வாங்க வருபவர் அதைக் காட்டியே பாதி விலை கேட்பார்.

கடன் முடிந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால், ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடனைக் கட்டி முடிப்பது ஒன்று, படிவம் 35 கொடுத்துப் பதிவில் அந்தப் பெயரை ரத்து செய்வது வேறொன்று. கடன் தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியும் ரத்து செய்யாமலே வைத்திருப்பவர்கள் ஏராளம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவை தேவை. விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைத்தால், படிவம் 28-ன்படியான தடையில்லாச் சான்று கையில் வந்த பிறகே பணம் கொடுங்கள்.

விவசாய டிராக்டர் போக்குவரத்து அல்லாத வாகனமாகக் கருதப்படுவதால் அதன் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதை உங்கள் திட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். 2012 மாடலை இன்று வாங்கி 5 ஆண்டு கழித்து விற்கும்போது, அது 15 ஆண்டைத் தாண்டிய வண்டி. புதுப்பிக்கும் செலவும் அலைச்சலும் வாங்குபவர் தலையில் விழும். அதைவிடப் பெரியது, அவ்வளவு பழைய வண்டிக்கு நிதி நிறுவனங்கள் கடன் கொடுக்கத் தயங்கும். அப்போது முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுக்க முடிந்தவர் மட்டுமே உங்களிடம் வாங்க முடியும். வாங்க ஆள் குறைந்தால் விலையும் குறையும். விற்கும் நாளிலும் அடுத்தவருக்குக் கடன் கிடைக்கும் வயதில் வண்டி இருக்க வேண்டும்; அதனால் 2016-க்குப் பிந்தைய மாடலையே பாருங்கள் என்பது என் யோசனை.

மணல் ஏற்றிப் பிடிபட்ட வண்டியா என்றும் விசாரியுங்கள். கனிமவள வழக்கில் சிக்கிய வாகனம் நீதிமன்ற நடவடிக்கைக்கு உட்பட்டதாக இருக்கலாம். விற்பவரின் ஊர் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் வண்டி எண்ணைச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அரசு மானியத்தில் வாங்கிய டிராக்டர் என்றால், விற்பதற்கு ஏதேனும் நிபந்தனை இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் தெரிந்துகொள்ளுங்கள். டிரெய்லரும் சேர்த்து வாங்கினால் அதற்குத் தனிப் பதிவு உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

பொள்ளாச்சி தென்னை

எங்கள் பக்கம் தென்னந்தோப்பில் மரங்களுக்கு நடுவே திரும்ப வேண்டும் என்பதால் 20 முதல் 30 குதிரைத்திறன் கொண்ட சிறிய வண்டிகளுக்குத்தான் கிராக்கி. 50 குதிரைத்திறன் வண்டியை விற்க நான் 8 மாதம் காத்திருந்தேன். வட்டாரத்தைப் பார்த்து வாங்குங்கள் என்று பட்டறை ஐயா சொன்னதற்கு இது இன்னொரு சாட்சி.

நான்கு சக்கர இழுவை வண்டியைப் பற்றி யாரும் எழுதவில்லையே? சேற்றில் அது நன்றாக இழுக்கும் என்று சொல்கிறார்கள். மறுவிற்பனையில் எப்படி?

ஒரத்தநாடு பட்டறை

சேடையில் அது சிறந்தது என்பதில் ஐயமே இல்லை. டெல்டாவில் இப்போது புதிதாக வாங்குபவர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் ₹4,00,000-க்குள் கிடைக்கும் பழைய நான்கு சக்கர இழுவை வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன் அச்சுக்குள்ளும் பல்சக்கரங்கள் இருக்கின்றன. சேற்றுத் தண்ணீர் புகுந்தால் அங்கே செலவு பெரிது. முன் டயரும் பின் டயரும் ஒன்றுக்கொன்று கணக்குப்படி பொருந்த வேண்டும். விலை மலிவு என்று வேறு அளவு டயர் போட்டு ஓட்டியிருந்தால் முன் அச்சின் பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கும். உங்களுடைய 8 ஏக்கருக்குச் சாதாரண வண்டியும் நல்ல கேஜ் வீலும் போதும்.

விழுப்புரம் கரும்பு

விலை பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் வரியோடு ₹7,00,000-ஆக இருந்த வண்டி, அடிப்படை விலை மாறவில்லை என்றால், ₹6,56,250-க்கு வர வேண்டும். புதிய வண்டியின் விலை ₹43,750 இறங்கும்போது, பழைய வண்டிக்காரர் பழைய விலையையே பிடித்துக்கொண்டு நிற்பது நியாயமில்லை. டிராக்டர் டயருக்கும் பல உதிரிப்பாகங்களுக்கும் இருந்த 18 சதவீத வரியும் 5 ஆகக் குறைந்திருக்கிறது என்பதால், நல்ல இஞ்சினும் தேய்ந்த டயரும் உள்ள வண்டி இப்போது பார்க்கத் தக்கது. டயர் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மன்னார்குடி நெல்வயல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உங்கள் அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மொத்தம் 4 வண்டிகளைப் பார்த்தேன். முதலில் சொன்ன 2015 மாடலின் பி.டி.ஓ. பற்கள் கத்திபோல் தேய்ந்திருந்தன. அதை அங்கேயே விட்டுவிட்டேன். மீட்டர் ஓடாத 2017 மாடலின் இஞ்சின், காலை 7 மணிக்கு நான் போனபோதே சூடாக இருந்தது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொன்னதும் விற்பவருக்குக் கோபம் வந்தது, திரும்பிவிட்டேன். மூன்றாவது வண்டி எல்லா வகையிலும் பிடித்திருந்தது. ஆனால் ஆர்.சி. இறந்துபோன தகப்பனார் பெயரில் இருந்தது. வாரிசுகள் மூவரில் ஒருவர் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை.

நான்காவது, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னையும் நிலக்கடலையும் வைத்திருக்கும் ஒரு பெரியவருடைய 2017 மாடல் மெஸ்ஸி 241. ஒரே உரிமையாளர். மணற்பாங்கான நிலத்தில் ஓடிய வண்டி; சேற்றில் இறங்கியதே இல்லை என்றார். கியர் பெட்டி ஆயில் நல்ல நிறத்தில் இருந்தது. கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு அவர் வீட்டில் காபி குடித்தோம். 25 நிமிடத்தில் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. வண்ணம் மங்கியிருக்கிறது, மட்கார்டில் நெளிவு இருக்கிறது, பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். ₹4,10,000 கேட்டார். டயர் செலவையும் புதிய வண்டியின் விலை இறங்கியதையும் எடுத்துச் சொன்னேன். ஒன்பது கொத்துக் கலப்பையும் சேர்த்து ₹3,45,000-க்கு முடிந்தது. கடன் ரத்து ஏற்கெனவே பதிவாகியிருந்தது. ₹50,000 முன்பணம் கொடுத்து, மீதியைப் பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவான அன்று கொடுத்தேன்.

ஐயா, நான்கு விரற்கடை இறங்கியது கவலைப்பட வேண்டியதா? குறுவைக்கு முன் வேறு என்ன செய்ய வேண்டும்?

ஒரத்தநாடு பட்டறை

25 நிமிடத்தில் நான்கு விரற்கடை இறங்குவதற்காக இப்போது லிஃப்டைத் திறக்க வேண்டாம். ஹைட்ராலிக் ஃபில்டரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, ஒரு போகம் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

மணற்பாங்கான நிலத்தில் ஓடியது நல்லதுதான். ஆனால் அங்கே சேற்றுக்குப் பதிலாகத் தூசி தன் வேலையைச் செய்திருக்கும். ஏர் கிளீனரைக் கழற்றி, அதற்கும் இஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வெடிப்பு வழியாக மணல்தூசி போனால் நல்ல இஞ்சினும் ஒரே ஆண்டில் தேய்ந்துவிடும். இஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றி, மாற்றிய தேதியையும் மீட்டர் மணியையும் ஒரு நோட்டில் எழுதி, ரசீதை அதிலேயே ஒட்டி வையுங்கள். இந்த வண்டி இனி சேடையில் இறங்கப்போகிறது என்பதால், சேறு அடிக்கும் நாட்களில் முன் ஹப்புக்கும் அச்சின் நடுப்பின்னுக்கும் தினமும் மாலையில் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும், அப்போதுதான் அதோடு சேர்ந்து தண்ணீரும் வெளியேறும். போகம் முடிந்ததும் பின் அச்சு சீலைப் பார்த்து, கியர் பெட்டியின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு டம்ளர் அளவு ஆயிலை வடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். அந்த ஆயிலைக் கீழே ஊற்றிவிடாமல் என்னிடம் கொண்டு வாருங்கள், நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.